வெல்வெட் பெட்டியும் இணைச்சீரும்

கையில் ஸ்பானர் இருக்கிறவனுக்கு, ஒழுங்காக ஓடுகிற வண்டியைப் பார்த்தால் பொறுக்காது. எதையாவது கழற்றிப் பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். இந்த வியாதி எனக்குக் கல்யாணமான புதிதில் வந்தது. வியாதி எனக்கு, பத்தியம் இருந்தது என் மனைவி பாவாயி.

யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்கக் கார் என் கைக்கு வந்தது. பழசுதான், ஆனால் குறை சொல்ல முடியாது. முன்பக்கம் கைப்பிடியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கிளம்பிவிடும். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது வேறு கார் கிடையாது. (ரிப்பேர் பார்க்க ஆளும் கிடையாது. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.) மாடுகளை வெளியே மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, வண்டிக் கொட்டகையைக் காருக்கு ஒழித்துக் கொடுத்தேன். கார் நிற்கிற இடத்தில் ஒரு பட்டறை வேண்டாமா? பட்டறை என்றால் ஆடாத மேஜை வேண்டாமா? எங்கள் வில்வண்டியின் பலகைகளைப் பெயர்த்தெடுத்து மேஜை அடித்துவிட்டேன். கார் இருக்கிற வீட்டுக்கு மாட்டுவண்டி எதற்கு என்பது என் கட்சி.

சாமான் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பாவாயியையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸ் வாங்கினேன், யானைக் காலைப் பிடித்து வைக்கிற அளவில். பிறகு ஸ்பானர். இரும்புக் கடைக்காரர் இரண்டு விதம் எடுத்து வைத்தார். ஒன்று, சாக்குத் துணியில் சுற்றிய கறுப்பு ஸ்பானர்கள். மற்றது மரப்பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட், அதில் பள்ளம் பள்ளமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பளபளப்பான இங்கிலீஷ் ஸ்பானர். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

"வண்டி அமெரிக்காங்களா, இங்கிலீசுங்களா? ரெண்டுக்கும் அளவு வேறங்க. அமெரிக்கா வண்டின்னா இந்தக் கறுப்புதான் சேரும்" என்றார் கடைக்காரர்.

"நட்டுன்னா நட்டுதானுங்களே. அமெரிக்காவுல என்ன, தனியா கொம்பு மொளச்சிருக்குதா?" என்றேன்.

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அது போதாதா எனக்கு? பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

"கடைக்காரர் சொல்றாரல்லங்க, கறுப்பையே எடுத்துக்கலாமுங்களே" என்று பாவாயி மெதுவாகச் சொன்னாள்.

"உனக்கென்ன தெரியும்?" என்றேன். (உங்களுக்கு என்ன தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திராது.)

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், ஒரு ஸ்பானர் நட்டில் ஏறவே இல்லை. அடுத்தது ஏறி லொடலொடவென்று ஆடியது. விடுவேனா? மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகரத்துண்டுகள் செய்து, ஆடுகிற இடுக்கில் ஒன்றைச் சொருகித் திருகினேன். திரும்பியது. உலகத்தில் யாருக்கும் தோன்றாத உபாயம் எனக்குத் தோன்றிவிட்டதாக ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. நான் காருக்கு அடியில் படுத்திருக்க, கேட்கும்போது தகரத்துண்டு எடுத்துக் கொடுப்பது பாவாயியின் உத்தியோகம்.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணன் கருப்பண்ணனுக்குக் கல்யாணம் கூடியது. ராசிபுரம் தாண்டி அவர்கள் ஊர். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையும் அவனுடன் பிறந்தவளும் சேர்ந்து நிற்பார்கள். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறு முனை அவளிடம். கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாலும் நீ இந்த வீட்டுக்காரிதான் என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. கருப்பண்ணனுக்கு ஒரே தங்கை பாவாயி. தாயில்லாத வீட்டில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். போதாததற்கு, சேலத்திலிருந்து போட்டோ பிடிக்கிறவர் வேறு வருகிறாராம். அவள் அதுவரை போட்டோவுக்கு நின்றதில்லை. எந்தச் சேலை கட்டுவது என்று பத்து நாளாக அதே பேச்சு.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதே கருப்பண்ணன் வண்டி அனுப்பிவிட்டான். "அம்மிணியக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க" என்றார் வண்டி ஓட்டி வந்தவர். பாவாயி மூட்டை கட்டித் தயாராக நின்றாள்.

"கார்ல வாரோம்னு போய்ச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துல வந்து எறங்கிருவோம்" என்றேன்.

"நான் வண்டியிலயே முன்னால போறனுங்க. நீங்க கார்ல வந்து சேருங்க."

"மோட்டார் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி மாட்டுவண்டியில போய் எறங்குனா, ஊருல என்னைய என்னன்னு பேசுவாங்க?"

அவள் மூட்டையை அவிழ்த்தாள். அந்த வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

இணைச்சீர் அன்று காலையில் சும்மா கிளம்பியிருக்கலாம். கார் நன்றாகத்தான் இருந்தது. தூரப் பயணமாயிற்றே, என்ஜின் எண்ணெயைப் புதிதாக மாற்றிவிடுவோம் என்று வியாதி தலைக்கேறிவிட்டது. எண்ணெய் வடிக்கிற பெரிய போல்ட் என்ஜினுக்கு அடியில் இருந்தது. தகரத்துண்டைச் சொருகித் திருகினேன். வழுக்கியது. இன்னொரு துண்டு. போல்ட்டின் மூலைகளெல்லாம் மழுங்கி, அது உருண்டையாகிவிட்டது. உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். கழன்றது. எண்ணெய் முழுவதும் என் முகத்தில் இறங்கியது. திரும்ப மாட்டும்போது அது கோணலாக ஏறி, பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. துணியில் சலவைச் சவுக்காரத்தைப் பிசைந்து சுற்றிலும் அடைத்து, புது எண்ணெயை ஊற்றினேன்.

"ஒழுகுதுங்களே" என்றாள் பாவாயி.

"ரெண்டு சொட்டுதானே" என்றேன்.

மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்பினோம்; பாதி வழியில், வையப்பமலை தாண்டியதும் வண்டி முனகியது. திரும்பிப் பார்த்தால் ரோட்டில் நெடுக ஒரு கறுப்புக் கோடு எங்களைத் தொடர்ந்து வந்திருந்தது. எண்ணெய் வற்றிய என்ஜின் இறுகிப்போய் அப்படியே நின்றுவிட்டது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் அசையவில்லை. ஆனாலும் நான் பெட்டியைத் திறந்து, காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். (அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.) பாவாயி பட்டுச்சேலையை வரிந்து கட்டி, ரோட்டுப் புழுதியில் குத்தவைத்து உட்கார்ந்து, கேட்காமலே ஒவ்வொரு தகரத்துண்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பொழுது எறங்குதுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

கடைசியில் நிலக்கடலை மூட்டை ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். நாங்கள் போய் இறங்கியபோது இணைச்சீர் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. போட்டோக்காரர் கேமரா முக்காலியை மடக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

கருப்பண்ணன் ஓடி வந்தான். "ஏஞ்சாமி, இத்தன நேரம்? நேரந் தப்பிரும்னு பெரியவங்க சொல்லி, சித்தப்பா ஊட்டு ராமாயிய நிக்க வெச்சுட்டோம். நான் வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"அதுக்கென்னங்கண்ணா, ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாவாயி முகம் கழுவப் போனாள். வெகு நேரம் கழுவினாள்.

என் கையிலிருந்த மரப்பெட்டியை யாரோ சீர் என்று நினைத்து வாங்கிக்கொண்டு போய், தேங்காய் பழத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள். பெண்டுகள் கூடிநின்று திறந்தால் வெல்வெட்டில் ஸ்பானர்கள். "மாப்பளை, பொண்ணுக்கு இதை எங்கீங்க போடறது, காதுலயா மூக்குலயா?" என்று ஒரு பெரியம்மா கேட்க, பந்தியே எழுந்து சிரித்தது. அந்தப் பெட்டிச் சீர் கதை அன்றைக்கு ராசிபுரம் தாண்டிப் புறப்பட்டது, இன்னும் ஓயவில்லை. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கு நான் போனாலும், "மாமன் கையில பொட்டி இருக்குதான்னு பாருங்க" என்று ஒருவர் சொல்லாமல் பந்தி போடமாட்டார்கள். அதை நான் தாங்கிக்கொள்வேன்.

கல்யாணம் முடிந்து கருப்பண்ணன் வண்டியிலேயே ஊர் திரும்பினோம். வழியில் என் கார் செத்துக் கிடந்த இடம் வந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன்.

"யாரு நின்னா என்ன பாவாயி? ராமாயியும் தங்கச்சிதானே. தங்கச்சின்னா தங்கச்சிதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமாங்க" என்றாள். "நட்டுன்னா நட்டுதானுங்க."

ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாளே மேஜையைப் பிரித்துப் பலகைகளை வில்வண்டிக்குத் திரும்பக் கொடுத்தேன். மாடுகள் கொட்டகைக்குத் திரும்பின. காரை ஒரு பழைய இரும்புக்காரர் இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வண்டி வந்தால், அது நிற்கும் முன்பே மூட்டையை நானே தூக்கி வைத்துவிடுவேன். அவள் சிரிப்பாள். தவறிப்போன அந்தச் சாயங்காலம் அதனால் திரும்பி வந்துவிடுமா?

அந்தப் போட்டோ கருப்பண்ணன் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கூறைச்சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு ராமாயி நிற்கிறாள். கருப்பண்ணன் மட்டும் கேமராவைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்க்கிறான். போன தை மாதம் எங்கள் புது மருமகளை விருந்துக்கு அங்கே கூட்டிப் போயிருந்தோம். அவள் போட்டோவுக்கு அருகில் போய் நின்று பார்த்தாள்.

"இதுல நீங்க எங்கீங்க அத்தை?"

பாவாயி இலை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நானுங்களா சாமி? அந்நேரம் உங்க மாமனுக்குத் தகரத்துண்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."