சகோதரர் கசிமிரோவின் வெள்ளை நாடா

மோக்கா ஊரில் அந்தக் கோடையில் இடுப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பழைய நடன மண்டபத்து வாசலில் வரிசை தொடங்கும். மருந்துக் கடையைத் தாண்டிக் கோழிச் சந்தை வரை நீளும். உள்ளே இருந்தவர் சகோதரர் கசிமிரோ. கொழுப்பைக் கரைக்கும் மகான்.

எந்தச் சபையின் சகோதரர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அருள் போய்விடுமாம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நடுவில் பெரிய தொப்பை. "ஊரார் கொழுப்பையெல்லாம் நான் என் மேல வாங்கிக்கிறேன், மகளே" என்பார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

முதலில் மஞ்சள் நாடாவால் இடுப்பை அளந்து அட்டையில் எழுதுவார். பிறகு மூலிகைப் புகை. வயிற்றில் சிவப்புக் கச்சை. ஜெபம். கச்சையை அவிழ்த்ததும் வெள்ளை நாடாவால் மறுபடி அளப்பார். ஜெபித்த உடம்பை ஜெபிக்காத உடம்பு தொட்ட நாடா தொடக் கூடாதாம். மூன்று அங்குலம் குறைந்திருக்கும். பருத்தவர்களுக்கு நாலு. சரக்கு எங்கே இருக்கிறது என்று அருளுக்குத் தெரியாதா?

மண்டபத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன் நான். நானும் போனேன். முப்பத்தெட்டு முப்பத்தைந்தானது. என் கால்சட்டைதான் நம்ப மறுத்தது. சலவையில் சுருங்கியிருக்கும் என்று தீர்மானித்தேன். அந்த மாதம் ஊரில் எல்லோருடைய துணியும் சலவையில் சுருங்கியது.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. பொரித்த பன்றித்தோல், வாழைக்காய் மசியல், தட்டு மறையச் சோறு, எதற்கும் தடையில்லை. நடக்க மட்டும் கூடாது. நடந்தால் அருள் குலுங்கிச் சிந்திவிடும். மாத்திரையும் கூடாது. "மாத்திரையும் ஜெபமும் ஒரே வயித்துல சண்டை போடும்" என்றார். இப்படிப்பட்ட மகானை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

சந்தேகப்பட்டவள் தையற்காரி பெல்கிஸ். அவளை விட்டிருந்தால் அவளும் சும்மா இருந்திருப்பாள். ஆனால் ஊர்த் திருவிழா நடனம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இடுப்பு முப்பத்தஞ்சு. எழுதிக்க" என்றாள் ரொட்டிக்கடை எயுலாலியா.

"ஒரு தடவ அளந்துடறேனே?"

"எதுக்கு? அட்டை இருக்குல்ல? சகோதரர் கையெழுத்தே போட்டிருக்கார்."

முப்பத்தைந்துக்கு வெட்டித் தைத்த உடை, எயுலாலியா மூச்சு விட்டதும் பக்கவாட்டில் பிளந்தது. அந்த வாரம் இப்படி ஐந்து உடைகள் பிளந்தன. பெல்கிஸுக்குக் கண் போய்விட்டது என்று ஊர் முடிவுகட்டியது. பாவம், நல்ல தையற்காரியாக இருந்தவள் என்று என் கடையிலேயே இரங்கல் தெரிவித்தார்கள்.

பெல்கிஸின் அண்ணி நெரெய்தா பேருந்து நிறுத்தத்தில் வாழைக்காய் பொரித்து விற்பவள். உடம்பில் சர்க்கரை. டாக்டர் சொன்னபடி சோற்றைக் குறைத்து, மாத்திரை போட்டு, தினமும் காலையில் பெல்கிஸோடு கல்லறைத் தோட்டம் வரை நடந்துவந்தாள். சகோதரர் வந்த பிறகு நடை நின்றது.

"அண்ணி, மாத்திரையாவது போடுறீங்களா?"

"உனக்குப் புரியாது பெல்கிஸ். ஒரு வருஷம் நாயா நடந்து ஒரு அங்குலம் குறைஞ்சேன். அவரு ஒரே நாள்ல நாலு குறைச்சாரு. உன் அண்ணன் கட்டில் ஒடையுது, கதவ அகலமாக்கணும்னு ஆளுங்க முன்னாடி சொல்றப்ப நானும்தான் சேர்ந்து சிரிப்பேன். 'இளைச்சுட்டியே'ன்னு ஒருத்தர் என்னைப் பாத்துச் சொல்லி இருபது வருஷமாச்சு. இப்பத்தான் சொல்றாங்க."

மறுநாள் காலை பெல்கிஸ் தனியாகவே கல்லறைத் தோட்டம் வரை நடந்தாள்.

மூன்றாம் வாரம், பொரித்துக்கொண்டிருந்த நெரெய்தா அடுப்புக்குப் பக்கத்திலேயே சரிந்தாள். நல்லவேளை, எண்ணெய்ச் சட்டி மறுபக்கம் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை அளக்கும் கருவி எண்ணைக் காட்டாமல் 'மிக அதிகம்' என்று மட்டும் காட்டியது. கால் விரலில் யாரும் கவனிக்காத ஒரு புண். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அடுத்த செவ்வாய் பெல்கிஸ் வரிசையில் நின்றாள். கழுத்தில் அவளுடைய பழைய அளவு நாடா. அவள் முறை வந்ததும் சகோதரர் மஞ்சள் நாடாவை எடுத்தார்.

"இருங்க சகோதரரே, ஒரு சந்தேகம். இந்தப் புகை பட்டா யாருக்கு வேணா குறையுமா?"

"பட்டாலே போதும் மகளே. அருளுக்கு ஆள் பேதமில்ல."

"அப்ப இந்தத் தூணுக்கு? மூணு வாரமா உங்க பக்கத்துலயே நின்னு புகை வாங்குதே?"

கூட்டம் சிரித்தது. சகோதரரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். அதற்குள் அவர் கையிலிருந்த மஞ்சள் நாடாவும் மேசையில் இருந்த வெள்ளை நாடாவும் பெல்கிஸ் கையில்.

மஞ்சள் நாடாவைத் தூணில் சுற்றினாள். "நாற்பத்திரண்டு. எயுலாலியா, வந்து பாரு, எனக்குத்தான் கண்ணு தெரியாதே." எயுலாலியா குனிந்து பார்த்து, ஆமாம் என்றாள். பிறகு வெள்ளை நாடா.

"இது எவ்வளவு?"

எயுலாலியா இரண்டு தடவை பார்த்தாள். "முப்பத்தெட்டரை."

சிமெண்டுத் தூண் மூன்றரை அங்குலம் இளைத்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாக வெளியே போனார்.

"தூணுக்கும் விசுவாசம் உண்டு!" என்று கையை உயர்த்தினார் சகோதரர்.

"அப்ப அதையும் மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் பெல்கிஸ். "எங்க அண்ணி நிறுத்தினா. ஆஸ்பத்திரியில கெடக்கா."

இரண்டு நாடாக்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நடுவில் தன் நாடாவை வைத்தாள். மஞ்சளும் அவளுடையதும் ஒத்துப்போயின. வெள்ளை நாடாவில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் கூடுதல் நீளம். கரைந்தது கொழுப்பல்ல, கணக்கு.

சாத்தான் நாடாவை இழுத்துவிட்டான் என்றார் சகோதரர். சொல்லிக்கொண்டே பின்பக்கச் சன்னலில் ஏறினார். ஊரார் கொழுப்பையெல்லாம் சுமந்தவர் அல்லவா, பாதியில் சிக்கிக்கொண்டார். சத்தம் கேட்டு வந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தெடுத்தார்கள்.

பெல்கிஸைத் தோளில் தூக்கிக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. மறுநாள் அவள் கடை வாசலில் ஒரு கூட்டம்.

"ஊரே சந்தோஷமா இருந்துச்சு. உனக்கு எங்க எரிஞ்சுது?" என்று கத்தினாள் ஒருத்தி. "எம் மூணு அங்குலத்தத் திருப்பிக் குடு!"

பெல்கிஸ் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "உள்ளே வாங்க. உண்மையான அளவு எடுத்து, உங்க உடம்புக்குத் தைக்கிறேன். பிளக்காது. அழகாவும் இருக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே முதலில் உள்ளே போனவள் எயுலாலியா. முப்பத்தெட்டுக்குத் தைத்த உடையில் அவள் திருவிழா இரவு முழுக்க ஆடினாள். ஒரு தையல்கூட விடவில்லை.

நெரெய்தாவின் விரல் பிழைத்தது. இப்போது காலையில் மூன்று பேர் நடக்கிறார்கள். மூன்றாவது ஆள் அவள் கணவன். கட்டில் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டான். மேட்டில் ஏறும்போது பேச அவனுக்கு மூச்சு இருப்பதில்லை. ஆறு மாதத்தில் நெரெய்தாவின் சர்க்கரை இறங்கியது. இடுப்பு ஒரு அங்குலம் குறைந்தது. அதைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்கவில்லை.

போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு புனிதர் வந்திருக்கிறாராம். தலையில் கை வைத்தால் உயரம் கூடுகிறதாம். என் கடைக்கு வந்த மூன்று பேர் வழி கேட்டார்கள். ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, கிளம்புமுன் வீட்டுச் சுவரில் தலை மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

கழுத்துக்குக் கீழே எத்தனை அங்குலம் என்று கவலைப்படுகிற மக்களே, கழுத்துக்கு மேலே இருப்பதையும் அவ்வப்போது நடக்க விடுங்கள். உட்கார்ந்தே கிடந்தால் கொழுப்பு அங்கேயும் சேரும்.