குரு பெசார் நடத்திய நாய்ப் பள்ளிக்கூடம்

ஈப்போ, புந்தோங்கில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் தலைமையாசிரியர் ஆனவர் ஒரே ஒருவர்தான். மாணவர்கள் அத்தனை பேருக்கும் நான்கு கால்.

நான் கெலிண்டானாக, அதாவது லாரி டிரைவருக்குக் கையாளாக இருந்த யார்டில், காவல் நாய்களைப் பழக்குவது அவர் வேலை. 'குரு பெசார்' என்று மலாயில் தலைமையாசிரியரைச் சொல்கிற மாதிரியே கூப்பிடுவோம். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் சட்டையைப் பிடித்தார். சண்டைக்கு இல்லை.

"கழட்டுடா."

"எதுக்குண்ணே? குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

"குளிச்ச சட்டை எதுக்குடா எனக்கு? ஓடிப்போயி ரெண்டு டயரை உருட்டிட்டு, வேர்த்து வழியக் கொண்டா."

யார்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் ஓர் அழுக்குத் துணி வாங்கி, தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, ஓர் அரிசிச் சாக்கில் வைத்திருந்தார். தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். குட்டியை உட்கார வைத்து, துணிகளை ஒவ்வொன்றாக மூக்கில் காட்டி, "நம்ம ஆளு... நம்ம ஆளு..." என்பார். எந்தத் துணியைப் பார்த்தாவது குட்டி பாய்ந்தால் பெயில். சுங்காய் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி விரட்டப் போய்விடும். தவுக்கேயின் காலுறைக்கு மட்டும் விதிவிலக்கு. அதைப் பார்த்து உறுமாத நாய் பிறக்கவில்லை. முதலாளிதான், ஆனாலும் நானே உறுமியிருக்கிறேன்.

பாயாமல் லேசாக மட்டும் உறுமிய ஒரு நாயை அவர் அனுப்பவில்லை. 'பஞ்சாயத்து' என்று பெயர் வைத்தார். வேறு நாய் நம் ஆளைப் பார்த்து எகிறினால், இது போய் அதன் மேல் படுத்துக்கொள்ளும். யார்டிலேயே வேலையைச் சரியாகச் செய்த ஒரே ஜீவன்.

அறிவாளியான நான் உள்ளே நுழைந்தது இங்கேதான். கருப்பன் என்று ஒரு குட்டி. எனக்கு உயிர். ஆனால் கிராணி அக்காவின் துப்பட்டாவைக் கண்டால் மட்டும் பாயும். அக்கா ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், எறும்பைக்கூட அதட்டாதவர். கருப்பனை சுங்காய்க்கு அனுப்ப மனமில்லை. கடைசிப் பரீட்சையன்று துப்பட்டாவைச் சாக்கிலிருந்து எடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கருப்பன் முதல் மாணவனாகப் பாஸானான்.

மூன்றாம் நாள் அக்காவின் கெண்டைக்காலைக் கவ்வினான்.

தவுக்கே கத்தினார். குரு பெசார் தலையைக் குனிந்து, "என் தப்பு தவுக்கே, நான்தான் சரியா சோதிக்கல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வீரன் அல்லவா, மறுவாரமே கமுந்திங்கில் ஒரு பேக்டரிக்கு ஓடிப்போனேன். பதினோரு வருடம் புந்தோங் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன வருடம் என் இடது இமை கீழே விழுந்தது. காலையில் திறக்கும், மத்தியானம் கடையைச் சாத்திவிடும். பிறகு பேச்சும் குழறியது. குடித்திருக்கிறேன் என்றார்கள். குடிக்காமலே கெட்ட பெயர் வாங்குவது எனக்குப் புதிதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒண்ணு இருக்கு அண்ணே. காவல் அணுங்களுக்கு அதுதான் ஸ்கூல். உடம்புல உள்ள எல்லா பாகத்தோட சாம்பிளும் கொஞ்சம் கொஞ்சம் அங்க காட்டும். நம்ம உடம்பையே பாத்து பாயுற அணுவ வெளிய விடாது, அங்கேயே கொன்னுரும்."

"சுங்காய்க்கு அனுப்பாதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பாயாம லேசா உறுமுறத, மத்ததை அடக்குற வேலைக்குப் போடுமே?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆமா! எங்க படிச்சீங்க?"

"லாரி யார்டுல."

என் தைமஸ் வீங்கிக் கிடந்தது. பெயிலாக வேண்டியவை பாஸாகி வெளியே வந்து, நரம்பு தசைக்கு ஆர்டர் கொடுக்கிற இடத்தைக் கவ்விக்கொண்டிருந்தன. என் நெஞ்சுக்குள்ளேயும் எவனோ துப்பட்டா மேல் உட்கார்ந்திருக்கிறான்!

"ஆப்பரேஷன் பண்ணி தைமஸை எடுத்துரலாம்."

"ஸ்கூலையே மூடிட்டா?"

"பெரும்பாலான பாடம் சின்ன வயசுலேயே முடிஞ்சிரும் அண்ணே. வயசானா அதுவே சுருங்கிரும்."

ஆக, ஒரே பிறவியில் நான் இரண்டாவது தடவையாக ஸ்கூலை விடப் போகிறேன்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் பயம் வந்தது. கத்திக்குப் பயந்தேன், அதைவிடத் துப்பட்டாவுக்குப் பயந்தேன். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டால்? நேரே யார்டுக்குப் போனேன்.

கேட்டில் நான்கு நாய்கள். ஒன்றுகூட எனக்குத் தெரிந்த முகமில்லை. எனக்கோ ஒரு கண் மூடி, வாய் கோணி, திருடனுக்கான எல்லா லட்சணமும் இருந்தது. நான்கும் ஓடி வந்தன. கண்ணை மூடிக்கொண்டேன், பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. முகர்ந்தன. வாலை ஆட்டின. ஒன்று என் செருப்பின் மேல் படுத்தது.

"டேய் கெலிண்டான், உள்ள வா லா. ஏன் கேட்லயே நிக்கிற?" குரு பெசார்தான். தலை நரைத்து, இடுப்பு வளைந்திருந்தது.

"அண்ணே, அன்னைக்கு அந்தத் துப்பட்டா..."

"அதுல உன் பின்பக்க வாசம் அடிச்சுச்சுடா. கருப்பன் கடிச்ச அன்னைக்கே மோந்து பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அக்காகூட உன்னைத் தேடுச்சு."

சாக்கை அவிழ்த்தார். பிளாஸ்டிக் பைக்குள் என் நீலச் சட்டை, எண்ணெய்க் கறையோடு. பதினோரு வருடமாக, பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் அதைக் காட்டி "நம்ம ஆளு" என்று சொல்லியிருக்கிறார்.

"நாளைக்கு ஆப்பரேஷன்ணே. அந்தச் சட்டையைக் குடுங்க, கூட வச்சுக்கிறேன்."

நான் கை நீட்டுவதற்குள் பையை வெடுக்கென்று இழுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார்.

"தர மாட்டேன் போ. புதுசா ரெண்டு குட்டி வந்திருக்கு. நீ திரும்பி வர்றப்ப அதுங்க உன்னைக் கடிக்கக் கூடாதுல்ல?"