விறகெல்லாம் தண்ணீராய்ப் போன புயல்

புயலைக்கூடச் சமாளித்துவிடலாம். புயலுக்குத் தயாராகிறேன் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொள்கிற புது மருமகளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மருமகள் நான்தான்.

அறுபதுகளில் ஒரு கார்த்திகை மாதம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். பத்தாவது வரை படித்தவள் என்கிற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. (எதில் பாஸ், எதில் இல்லை என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.) அன்று காலை அத்தை ஊருக்குள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர், மழைக்கு முன்னால் மூட்டைகளை உள்ளே ஏற்ற வேண்டுமென்று மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டிக்கு ஓடினார். வீட்டில் நானும் நாத்தனார் வசந்தாவும் மட்டும்.

எதிர்வீட்டு ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். வெள்ளம் கிணற்றில் கலந்தால் வாந்திபேதி வரும், குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வையுங்கள் என்றார்கள். அது எனக்கென்றே சொன்னதுபோல் இருந்தது.

"வசந்தா, அண்டாவ எடு!"

"எவ்ளோ தண்ணி அண்ணி காய்ச்சணும்?"

"பாத்திரம் இருக்கிற வரைக்கும்!"

அவள் இறைத்தாள், நான் காய்ச்சினேன். ஆற வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, தவலை, குடம், குண்டான் என்று நிரப்பினேன். அப்புறம் சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, மாவு ஜாடி. கடைசியில் டம்ளர்களையும் நிரப்பித் தட்டு போட்டு மூடினேன். கொதிப்பது குறையக் குறைய அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். சமையல்கட்டில் அத்தை அடுக்கி வைத்திருந்த சவுக்கு விறகு முடிந்தது. வறட்டியும் முடிந்தது. மல்லாட்டைத் தோலைக்கூட விட்டு வைக்கவில்லை. கொல்லையில் இன்னும் விறகு இருக்கிறதே என்கிற தைரியம். அது நனையுமே என்று தோன்றவில்லை.

சாயங்காலம் மழையும் காற்றும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. என் வீட்டுக்காரர் மண்டியிலேயே மாட்டிக்கொண்டார். கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் அத்தை. பின்னால் ஒரு பெரியவர், ஒரு அம்மா, ஒரு வாலிபர். மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"காணை ஊர்க்காரங்கம்மா. கல்யாணத்துக்கு வந்தவங்க. பஸ்ஸு வுடலியாம், அதான் இட்டுக்கினு வந்துட்டேன்" என்றார் அத்தை. பிறகு என் காதருகில், "வசந்தாவ தை மாசம் பாக்க வர்றதா இருந்தாங்களே, அவங்கதான். ஜல்தியா காப்பி போட்டு, சோறு வடி!"

அந்த நேரம் பார்த்து, முகமெல்லாம் கரியும் தலையெல்லாம் சாம்பலுமாக, கையில் வேட்டித் துணியோடு வசந்தா வெளியே வந்தாள். பெண் பார்க்கும் படலம் அத்தோடு முடிந்தது.

அத்தை சமையல்கட்டுக்குள் போனார். விறகு அடுக்கும் மூலையைக் கையால் துழாவினார்.

"வெறவு எங்கம்மா?"

"தண்ணியாயிடுச்சுங்க அத்த."

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொல்லை விறகைக் கொண்டு வந்து ஊதினேன். வீடு முழுக்கப் புகை வந்தது, நெருப்பு மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால், காற்று கதவைத் திறக்கவே விடவில்லை. கடைசியில் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு விருந்து பச்சை மல்லாட்டை, வெல்லம், காய்ச்சிய தண்ணீர். அத்தை என்னைப் பார்க்கவேயில்லை. இந்தச் சம்பந்தம் என்னால் போயிற்று என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளைதான் மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி நல்லா கீதுங்க" என்றார். இருட்டு மூலையில் வசந்தா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் மல்லாட்டையை உடைத்துக்கொண்டே இருந்தார்.

விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது. தெருக்கிணற்றில் சாக்கடை புகுந்து, தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. (நாங்கள் போட முடியாத காப்பி!) எங்கள் வீட்டில் காய்ச்சின தண்ணீர் இருக்கிறதென்று தெரிந்ததும் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. நான் மிரண்டு நிற்க, மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து தவலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொயந்த இருக்கிற வூட்டுக்காரங்க மொதல்ல வாங்க. ஆளுக்கு ஒரு சொம்பு. தள்ளாதீங்க!"

சொந்த வீட்டுத் தண்ணீர்போல மொண்டு மொண்டு ஊற்றினார். அதற்குக் கைம்மாறாக யாரோ காய்ந்த விறகு ஒரு கட்டு கொண்டு வந்து போட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

மத்தியானம் பஸ் ஓடத் தொடங்கியது. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அத்தையிடம் சொன்னார்: "பொண்ணு புடிச்சிக்கீது. தை மாசம் வந்து தட்டு மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு, எங்க வூட்டுக்கு வந்தா இந்த அண்ணிய அடுப்பாண்ட வுடக் கூடாது."

வசந்தா காணைக்குப் போய் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். டி.வி.யில் புயல் என்று சொன்ன அடுத்த நிமிஷம் எனக்குப் போன் வரும். நலமா என்றெல்லாம் கேட்க மாட்டாள்.

"அண்ணி, சிலிண்டர்ல இன்னும் கேஸ் கீதா?"