நூற்றியொரு ரூபாய் தட்சிணையும் ஒரு பாலமும்

தான்சேன், பால்பா
கார்த்திக் மாதம் நான்காம் தேதி

என் நெற்றி தொட்டு வணங்கும் பாதங்களை உடைய மருமகள் பிந்துவாசினிக்கு, தாய்மாமன் தீர்கராஜ் கண்டேல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தையும் எருமையும் நலம். காத்மாண்டுவில் நீயும் நிதியமைச்சகமும் நலமாயிருக்க வேண்டும்.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்கு ஏழு வயசு. தசைன் பண்டிகைக்கு வெட்டிய ஆட்டின் ஈரலுக்காகப் பெரிய மாமாவும் சின்ன மாமாவும் அரிவாளோடு நிற்கிறார்கள். நீ நடுவில் உட்கார்ந்து பேசி, ஆளுக்கொரு தொடையைக் கொடுத்துவிட்டு ஈரலை நீயே தின்றுவிட்டாய். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு போனார்கள்! இந்தப் பெண் உலகத்தையே பேசி மடக்குவாள் என்றேன். அப்புறம் என்ன, வாஷிங்டனில் பதினைந்து வருஷம் எல்லா நாட்டுக்கும் நீதான் வட்டி போட்டாய். ஜெனீவாவில் நீ இருமினால் நாலு மந்திரிகள் தண்ணீர் கொண்டு வந்தார்களாம், கடைத்தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னாய். எழுதுகிறேன். நம் ஆற்றுப் பாலத்துக்குக் கடன் தர வந்த வங்கிக் குழுத் தலைவர் ஹென்ரிக்கைத் தசைன் அன்று வீட்டுக்குக் கூட்டி வந்தாய். அரசாங்கத்துக்காக நீ பத்து வருஷம் சலுகைக் காலம் கேட்கிறாய், அவர் ஏழுதான் என்கிறார். கடனை வாங்கிவிட்டுப் பத்து வருஷம் திருப்பித் தராமல் இருக்கலாமாம், அதற்குத்தான் அந்தப் பெயராம். நான் முப்பது வருஷமாகச் செய்வதுதான், பெயர் தெரியாமல் இருந்தேன்.

தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்து உன் நெற்றியில் டீகா வைத்து, மருமகள் காலில் மாமன் விழும் நம் வழக்கப்படி விழுந்து, தட்சிணை கொடுத்தேன். விருந்தாளியை விட முடியுமா? அவர் நெற்றி நிறைய டீகா அப்பி, கையில் நூற்றியொரு ரூபாயை வைத்தேன். மனுஷன் தேள் கொட்டின மாதிரி பார்த்தார். நம் பாஷை தெரிந்தவராச்சே, "மாமா, கடன் வாங்குறவங்ககிட்ட நான் காசு வாங்கக் கூடாது. இதை மேலிடத்துக்கு எழுதியே ஆகணும். என்னை மாத்திடுவாங்க, கடன் பத்திரத்துல கையெழுத்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிடும்" என்றார்.

"தட்சிணையைத் திருப்பிக் கொடுக்கிறதா? என் வீட்டிலயா?" என்றேன்.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க!" என்றாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த மனுஷனுக்கு வாயும் கையும் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லம்மா" என்று அடுக்களையிலிருந்து உன் அத்தை.

அப்போதுதான் நான் நிதானமாக விளக்கினேன். தாய்மாமன் வெளியூர் விருந்தாளிக்குக் கொடுக்கும் தட்சிணை அவருக்கு அல்ல. பொழுது சாய்வதற்குள் அதைப் பைசா மிச்சமில்லாமல் இந்த ஊர்க் குழந்தைகளுக்கே செலவழிக்க வேண்டும். அவர் வெறும் கைதான், காசு ஊருடையது. இது பதினேழு தலைமுறையாகப் பால்பாவில் இருக்கும் வழக்கம், செப்புப் பட்டயமே உண்டு, கரையான் தின்றுவிட்டது. ஹென்ரிக் முகம் மலர்ந்து, கடைக்கு ஓடி, நூற்றியொரு ரூபாய்க்கும் ஜிலேபி வாங்கித் தெருக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். நீ கூட, "அப்படியா மாமா, எனக்கு மறந்தே போச்சு" என்றாய்.

வழக்கத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுத்தில் உறுதி செய்தால் போதும், வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று அவர் மேலிடம் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். இதோ, உறுதி செய்கிறேன்.

அருகம்புல் போல வேர்விட்டு, இமயம் போல உயர்ந்து நில். அத்தை நெய் அனுப்பியிருக்கிறாள், அமைச்சகத்தில் யாருக்கும் கொடுக்காதே.

உன் பாதம் பணியும்
தீர்கராஜ் மாமா

பின்குறிப்பு: தனித்தாளில் எழுதுகிறேன், எந்தத் தாளை அனுப்புவதென்று நீயே முடிவு செய். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. உன் முகத்தைப் பார்த்த அந்த நொடியில் நானாகச் சொன்னது. உனக்கு மறந்து போகவில்லையம்மா. இருபத்திரண்டு வருஷம் வெளியூரில் இருந்தது குற்றம் என்று நினைக்காதே. ஆனால் ஜிலேபிக்காரன் நேற்று பலகை மாட்டிவிட்டான்: 'விருந்தாளி தட்சிணை ஜிலேபி, நூற்றியொரு ரூபாய், பழைய பால்பா வழக்கம்.' அடுத்த தசைனுக்குள் ஊரே செய்யும், நான் சொன்னது நிஜமாகிவிடும். ஹென்ரிக்கிடம் பேசி, அதுவரை எனக்கும் ஒரே ஒரு வருஷம் சலுகைக் காலம் வாங்கித் தா.