ஜன்னலுக்காக ஒரு பேத்தி

பக்கத்து வீட்டு ஒக்தாவியோவுக்குப் புது ஜன்னல் வந்த அன்றைக்குத்தான் நான் அந்தச் சபதத்தை எடுத்தேன். குளிர்காலத்துக்குள் என் வீட்டுக்கும் புது ஜன்னல் வரவேண்டும். ஒன்றிரண்டு இல்லை, மாடியிலும் கீழேயும் உள்ள அத்தனையும். அதுவும் என் பையிலிருந்து காசு வெளியே எட்டிப் பார்க்காமல்.

இதைப் பேராசை என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர் ஃபால் ரிவரில் ஒரு ஜனவரியைக் கழித்ததில்லை என்று அர்த்தம். எங்கள் வீடு துணி மில்லுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. மில் கட்டின காலத்து மர வீடு. ஆற்றுக் காற்றுக்குக் கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் கிடையாது. ஜன்னல் இடுக்கு வழியாக நேரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். குளிர்காலம் முழுக்க நான் தொப்பியோடு தூங்குவேன். என் மனைவி தியோலிண்டா, கம்பளிக் கையுறை பின்னுவதற்காகவே இன்னொரு கையுறை போட்டுக்கொள்வாள்.

ஒக்தாவியோ தன் புது ஜன்னலை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினான். இறக்கினான். நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடி தூக்கினான்.

"எவ்வளவு ஆச்சுப்பா?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல. நகராட்சி போட்டுக் குடுத்தது."

"நம்ம நகராட்சியா? தெருவில குழி விழுந்தா அதுக்குப் பேரு வச்சுட்டுப் போயிருவாங்களே."

"பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்காம் நோர்பெர்ட்டோ. ஜன்னலைத் தூக்கி இறக்கறப்ப தூளாக் கொட்டுமாம். சின்னப் பிள்ளைங்க அதைத் தொட்டு வாயில வச்சா மூளைக்கு ஆகாதாம். அதான், வருமானம் கம்மியான வீட்டுக்கெல்லாம் மானியம் தர்றாங்க."

"ஈயாத அரசாங்கம் ஈயத்துக்காக ஈயுதா! எனக்கும் வருமானம் கம்மிதான்யா. அந்த விஷயத்துல உன்னைவிட ஒரு படி மேல."

"உன்கிட்ட ஈயம் இருக்கு, ஏழ்மை இருக்கு. ஒண்ணுதான் இல்ல."

"என்னது?"

"குழந்தை. ஆறு வயசுக்குள்ள ஒண்ணு அந்த வீட்டுல வாழணும். என் வீட்டுல பேரன் இருக்கான். உன் வீட்டுல யாரு, நீதான் இருக்கே."

உள்ளே வந்து யோசித்தேன். எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. தியோலிண்டாவுக்கு நெருங்கிவிட்டது. புதிதாக ஒன்றை ஏற்பாடு செய்ய வழியில்லை. இருக்கிறதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இருக்கிறது ஒரே ஒரு பேத்தி. இனெஸ், மூன்று வயது. நியூ பெட்ஃபோர்டில் ஒரு வாடகை வீட்டில் என் மகள் நெலியாவோடு இருந்தாள். மருமகன் கில் மீன்பிடிப் படகில் போனால் வாரக்கணக்கில் கரை திரும்பமாட்டான். அவர்கள் வீட்டுக்கு அரை மணிப் பயணம்தான். சிக்கல் தூரத்தில் இல்லை. ஈஸ்டரிலிருந்து நானும் நெலியாவும் பேசுவதில்லை.

காரணம் என் கீரைப்பாத்தி. ஈஸ்டர் அன்று வந்தவள், வண்டியைப் பின்னால் எடுக்கிறேன் என்று பாத்தி மேலேயே ஏற்றிவிட்டாள். சூப்புக்காக நான் வளர்த்த கீரை. "கீரைதானே அப்பா" என்றாள். "கீரையை மதிக்காதவங்க இந்த வீட்டுல சூப் குடிக்க வரவேண்டாம்" என்றேன். "நீங்களா கூப்பிடற வரைக்கும் வரமாட்டேன்" என்றாள். "நீயா மன்னிப்புக் கேக்கற வரைக்கும் கூப்பிடமாட்டேன்" என்றேன். பிடிவாதத்தில் அவள் அப்படியே என் மகள்.

சமையலறையில் தியோலிண்டா இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"லிண்டா, எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு."

"ஐயோ பாவம். ரொம்ப வலிக்குதா?"

"கேளு. நெலியாவையும் குழந்தையையும் இங்க வந்து இருக்கச் சொன்னா என்ன?"

பிசைகிற கை நின்றது. சந்தோஷத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், மாவு சட்டையில் ஒட்டுமே என்று ஒரு எட்டு பின்வாங்கினேன்.

"வேண்டாங்க" என்றாள்.

"ஏன்?"

"உங்க மானம் என்னத்துக்கு ஆகும்? அவளா வந்து மன்னிப்புக் கேக்கணும்னு மாதா கோவில் வாசல்ல நின்னு ஊருக்கே சொல்லியிருக்கீங்க."

"ஊருக்கு வேற வேலை இல்லையா? எல்லாரும் மறந்திருப்பாங்க."

"உங்களுக்கு அமைதி வேணும். குழந்தை விடியறதுக்குள்ள எந்திரிச்சுரும். ரேடியோவில பேஸ்பால் கேக்க முடியாது."

"சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேக்கறேன்."

"அவங்களை எங்க படுக்க வைக்கறது? இருக்கிறது உங்க பின்னறை ஒண்ணு."

"பின்னறையைக் குடுத்துரலாம்."

"உங்க தூண்டில் சாமானெல்லாம்?"

"நிலவறைக்கு இறக்கிடறேன்."

"அவ சமையல் உங்களுக்குப் பிடிக்காதே."

"யார் சொன்னா? நல்லாத்தானே சமைப்பா."

"இதை அவகிட்டயே சொல்வீங்களா?"

"சொல்றேன். உனக்கு என்ன இவ்வளவு தயக்கம்? பெத்த பொண்ணு வந்து இருக்கறதுக்கு யோசிக்கிறே!"

ரொட்டி அடுப்புக்குள் போய் வெளியே வரும்வரை வாதாடினேன். கடைசியில் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் ஜெயித்த முதல் வாதம் அது. அந்தப் பெருமையில் ரொட்டியில் பாதியை நானே தின்றேன்.

அப்புறம் தொலைபேசி.

"நெலியா, நான்தான்."

"எந்த நான்?"

"அப்பா."

"எந்த அப்பா? கீரைக்காரரா?"

பல்லைக் கடித்தேன். ஜன்னலை நினைத்துக்கொண்டேன். "கீரை திரும்ப முளைச்சிருச்சும்மா."

"சந்தோஷம். அதைச் சொல்லவா கூப்பிட்டீங்க?"

"நீயும் குழந்தையும் இங்க வந்து இருங்களேன்."

குத்தலாக எதையோ தயார் பண்ணுகிறாள் என்று காத்திருந்தேன்.

"நிஜமாவாப்பா?" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

ஜன்னல் கதையை அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நிஜமாத்தான். உன் சமையலும் நல்லா இருக்கும்" என்றேன்.

"உடம்பு ஏதும் சரியில்லையாப்பா?"

மனுக் கொடுக்கிற வேலையைத் தியோலிண்டாவிடம் விட்டேன். "பார்த்துக்கறேன்" என்றாள். அடுத்த வாரமே நகராட்சியிலிருந்து ஆள் வந்து நின்றது. ஒக்தாவியோ மாதக்கணக்கில் காத்திருந்தவன். "பேருக்குன்னு ஒரு மதிப்பு இருக்குப்பா" என்று வேலியோரம் அவனிடம் சொன்னேன். அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

வந்தவர் திருமதி தவாரெஸ். நிதானமான பெண்மணி. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்துப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன்.

"இதுல ஈயம் இருக்குங்களா?"

"இருக்கு."

"கதவுல?"

"அதுலயும் நிறைய இருக்கு."

பரீட்சையில் பிள்ளை தேறினமாதிரி எனக்குப் பூரிப்பு. வீட்டில் குழந்தை இருப்பதைக் காட்டுவதற்காக அன்று மதியம் நெலியாவையும் இனெஸையும் வரவழைத்திருந்தேன். ஆனால் தியோலிண்டா என் திட்டத்தையே கெடுக்கப் பார்த்தாள். காலையிலிருந்து ஈரத்துணியால் ஜன்னல் மேடையெல்லாம் துடைத்தாள். குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. "இறக்கி விடேன், நாலு இடம் ஓடட்டும். அப்பத்தானே நம்புவாங்க" என்று காதில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வேலை நடக்கும்போது யாரும் வீட்டில் இருக்கக்கூடாதாம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு விடுதியில் இரண்டு அறையும் சின்ன அடுப்படியும் நகராட்சியே கொடுத்தது. நாங்கள் நான்கு பேர். முதல் நாள் விடிவதற்கு முன்னால் இனெஸ் என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, "தாத்தா, உங்க கண்ணு மூடியிருக்கு" என்றாள். மூக்கைத் திருகி என்னைத் திறந்தாள். மத்தியானம் என் தொப்பியில் பால் ஊற்றிப் பொம்மைக்குக் கொடுத்தாள். நான் சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தேன். பொம்மைக்குக் கொடுத்தது போக மிச்சத்தை என் வாயில் ஊற்றினாள்.

ஒரு சாயங்காலம் நெலியா ஏதோ சொட்டு மருந்தைக் கரண்டியில் அளந்து குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மருந்து? சளியா?"

"இரும்புச் சத்துப்பா. ரத்தத்துல ஈயம் இருக்கில்ல, அதுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது."

"யாரு ரத்தத்துல?"

"இவளுக்குத்தான். ஈஸ்டருக்கு முன்னால பரிசோதனையில தெரிஞ்சது. அந்த வாடகை வீட்டு ஜன்னல் மேடையில நின்னுதான் அவ அப்பா படகைத் தேடுவா. மேடையைக் கடிச்சு வச்சிருக்கா. வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட எவ்வளவோ கேட்டோம், அசையல. வேற இடம் தேடினா எல்லாம் அதே மாதிரி பழசு. நல்லதா இருந்தா வாடகை கட்டாது. அதான் வீட்டைக் காலி பண்ணிட்டு, கில்லோட அக்கா வீட்டுக் கூடத்துல படுத்துட்டிருந்தோம்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"ஈஸ்டர் அன்னைக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். வந்த படபடப்புலதான் வண்டி பாத்தியில ஏறிச்சு. அதுக்கப்புறம் நீங்க கீரையைப் பத்தித்தானே பேசினீங்க."

இனெஸ் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள்.

"சரியாயிருமா?" என்று கேட்டேன்.

"அளவு இறங்கிட்டு வருது. மறுபடி அந்தத் தூள் இருக்கிற இடத்துல வைக்காதீங்கன்னார் டாக்டர். பார்க்கலாம்."

அன்று ரேடியோவில் எங்கள் அணி ஜெயித்ததாக மறுநாள் யாரோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை. அதுவரை ஈயம் என்றால் எனக்கு ஜன்னல் என்றுதான் தோன்றியது. குளிர் என்று தோன்றியது. ஒக்தாவியோ என்று தோன்றியது. அந்த ஈயம் என் பேத்தியின் உடம்புக்குள் இருக்கும்போது அவளை ஜன்னலுக்காக இரவல் வாங்கி வந்திருக்கிறேன். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவதாக வேறு கணக்கு.

வீடு தயாரானது. ஜன்னல்கள் பளபளத்தன. தரையைத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பியதிலும் தூள் இல்லை என்று வந்துவிட்டது. திருமதி தவாரெஸ் சாவியோடு வந்து வீட்டைத் திறந்துவிட்டார். தியோலிண்டாவும் நெலியாவும் பின்னறையில் கட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இனெஸ் ஜன்னல் மேடையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவள் அதை எவ்வளவு வேண்டுமானாலும் கடிக்கலாம். அந்த நிம்மதியே எனக்கு முள்ளாகக் குத்தியது. திருமதி தவாரெஸை வாசலுக்குத் தனியாக அழைத்துப் போனேன்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடறேன். மனுக் குடுத்தப்ப இந்தக் குழந்தை இங்க வாழல. இந்த மானியத்துக்காக நான்தான் ஒரு தந்திரம் பண்ணி வரவழைச்சேன். என் பெண்டாட்டிக்கு இதுல சம்பந்தமே இல்ல, அவ வேண்டாம்னுதான் சொன்னா. ஆனா இப்ப குழந்தையை நான் அனுப்பறதா இல்ல. இவ இங்கதான் வளருவா. தண்டனையா ஜன்னலைக் கழட்டறதா இருந்தா, எங்க படுக்கையறையில மட்டும் கழட்டிக்குங்க. எனக்குக் குளிர் பழகினதுதான்."

அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஜன்னல் எங்கயும் போகாதுங்க. உங்க வீட்டம்மா மே மாசமே எங்க அலுவலகத்துக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. பேத்தியோட ரத்தப் பரிசோதனை, அவ இங்க வந்து வாழப்போறது, எல்லாம். அப்பவே வரிசையில சேர்த்துட்டோம். உங்க முறை வந்தப்ப நாங்க தயாராத்தான் இருந்தோம். அவங்கதான் ரெண்டு வாரம் பொறுங்க, பக்கத்து வீட்டுக்காரரை விட்டு ஜன்னலைக் காட்டச் சொல்லியிருக்கேன்னாங்க."

"பொறுக்கச் சொன்னாளா? எதுக்கு?"

"இந்த யோசனை என் வீட்டுக்காரருக்குத் தானா வரணும், அதுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்னு சொன்னாங்க."