ஒரு முடி கனம்

"டொக்! டொக்! டொக்!"

"கேட்டியா உஸ்தா? மூணு நாளா இதே கூத்துதான். மெஷினைப் போட்டா தட்டுது, நிறுத்தினா நின்னுடுது. கஹ்க் பிஸ்கட் என்னவோ நல்லாத்தான் விழுது" என்றார் கடைக்காரம்மா ஹஜ்ஜா இன்ஷிராஹ்.

விடிந்தால் பெருநாள். தெருவில் நாற்பது வீட்டு கஹ்க் அவர் கடை மெஷினை நம்பித்தான் இருந்தது. இது நின்றால் நாற்பது வீடும் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

உஸ்தா பய்யூமி தன்தா நகரத்திலேயே பேர்போன மெக்கானிக். தலையில் பொட்டு முடி கிடையாது. அதற்கும் சேர்த்து மீசை வளர்த்திருந்தார். அதை ஒரு முறுக்கு முறுக்கினார்.

"உருளைக்கு அடியில இடைவெளி விழுந்திருக்கு ஹஜ்ஜா. ஒரு முடி கனத்துக்கு பிளாஸ்டிக் வெட்டி வச்சா வாயைப் பொத்திக்கும். நோன்பு திறக்கறதுக்குள்ள சத்தம் நிக்கலேன்னா, இந்த மீசையை எடுத்துடறேன்!"

"யோசிச்சுப் பேசுப்பா. உனக்கு மிச்சம் இருக்கறதே அதுதான்."

பய்யூமி சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டுகளைப் பிரித்தார். மஞ்சள், சிவப்பு, நீலம். மீசையிலிருந்து வெடுக்கென்று ஒரு முடியைப் பிடுங்கி, மஞ்சள் ஷீட்டோடு சேர்த்து விரலால் நெருடிப் பார்த்தார். அச்சு அசல் ஒரு முடி! கத்தரிக்கோலால் வளைத்து வெட்டி, துளை போட்டு, உருளைக்கு அடியில் செருகினார்.

"பிஸ்மில்லாஹ்! போடுங்க ஹஜ்ஜா!"

டொக்! டொக்! டொக்! கஹ்க் அப்பளமாக வந்து விழுந்தது.

"அட, இடைவெளி மேல் பக்கம்!" இன்னும் ரெண்டு முடி போயிற்று. சிவப்பு ஷீட் மேலே ஏறியது. கஹ்க் செங்கல் கனத்தில் வந்தது. டொக், டொக் இன்னும் பலமாகக் கேட்டது.

"உஸ்தா, இப்ப கோபமா தட்டற மாதிரி இல்ல?"

"மெஷினுக்கு ஏது ஹஜ்ஜா கோபம்? இன்னும் மூணே முடி!"

இடது பக்கம் மட்டும் நீலம் வைத்தார். கஹ்க் ஒரு பக்கம் அப்பளம், மறுபக்கம் செங்கல். வாசலில் தட்டோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஹஜ்ஜா பதறிப்போய் மெஷினை நிறுத்தினார்.

டொக்! டொக்!

"ஐயோ, நிறுத்தின பிறகும் தட்டுதே!"

"அது மூச்சு வாங்குது" என்றார் பய்யூமி. பிடுங்கிப் பிடுங்கி மீசையின் இடது பக்கம் காலி. நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் கால் மணி நேரம். மூன்று நிறத்தையும் ஒன்றாக அடுக்கி, நான்கு மூலையிலும் திணித்து முறுக்கினார். "யா ரப், மிச்ச மீசையையாவது காப்பாத்து! போடுங்க!"

டொக்! டொக்! டொக்! டொக்! படார்!

அவ்வளவுதான். மெஷின் ஓடுகிறது, சத்தத்தைக் காணோம்!

"நின்னுடுச்சு! நின்னுடுச்சு ஹஜ்ஜா!" பய்யூமி கத்தரிக்கோலைத் தூக்கிப்பிடித்து ஆடினார். வாசல் பெண்கள் குலவையிட்டார்கள். கஹ்க் கோணல்மாணலாக விழுந்துகொண்டிருந்தது, யார் பார்த்தார்கள்? "உருவம் கிடக்கட்டும் உஸ்தா, சத்தம் போச்சே! உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்!" என்று ஹஜ்ஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காலில் மாவுக்கட்டோடு ஒருவர் நொண்டி நொண்டி வந்தார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தபாலாபீஸ் லம்லூம். இரண்டாக முறிந்த ஊன்றுகோலை மாவு மேசைமேல் போட்டார்.

"கால் உடைஞ்சு மூணு நாளா படுத்திருக்கேன். நீங்க மெஷினைப் போடும்போதெல்லாம், கொஞ்சம் தூங்க விடுங்கன்னு செவுத்தைத் தட்டித் தட்டி இதுவும் உடைஞ்சுபோச்சு. இதுக்கும் ஒரு பிளாஸ்டிக் வெட்டி வைங்க உஸ்தா!"