டீயில் ஊறிய தலை

"என்னங்க! இங்க ஓடி வாங்க! வாளிக்குள்ள ஒரு தலை கிடக்குது!"

குளியலறையிலிருந்து மனைவி போட்ட சத்தத்தில் கணக்கு வாத்தியார் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். பதற்றம் மனைவிக்காக அல்ல, தலைக்காக. அவள் வாளியைக் கவிழ்த்துவிடப் போகிறாளே என்றுதான் பயம்.

"கத்தாதே! அது நம்ம தலைதான்."

"நம்ம தலை ரெண்டும் கழுத்து மேலதானே இருக்கு? இது யாரோடது?"

"கல் தலை. டீ டிகாஷன்ல ஊறப் போட்டிருக்கேன். பழசாகணும்."

மனைவி இடுப்பில் கை வைத்தாள். அவள் இடுப்பில் கை வைத்து நின்றால் வாத்தியாருக்கு வாய்ப்பாடே மறந்துபோகும், பொய் எங்கே வரப்போகிறது? உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டார்.

வீட்டுக்காரர் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பார்க்காமலா இருப்பார்கள்? வாத்தியாரின் மனைவி வயலின் டீச்சர். அதுவும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. கூடம் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வில்லை இழுத்தால், எண்ணெய் போடாத கதவே தேவலாம் என்றிருக்கும். போன இடத்தில் எல்லாம் வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள். வயலின் என்றதும், "அடடா, நேத்துதானே வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்று கதவைச் சாத்தினார்கள். இந்த வீட்டுக்காரர் மாடியில்தான் குடியிருக்கிறார். ஆனால் காது மந்தம். வயலினுக்கென்றே கடவுள் படைத்த வீட்டுக்காரர்! அவரை விட்டால் இன்னொருவர் கிடைப்பாரா?

"தோட்டத்துல பழைய சிலை கிடைச்சா தொல்லியல் ஆபீஸ்காரங்க வந்துடுவாங்க. அப்புறம் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க விடமாட்டாங்க" என்றார் வாத்தியார். "அதான், ஒரு தலை செய்யச் சொல்லி வாங்கிட்டேன்."

மனைவி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்காரே?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். செதுக்கிக் கொடுத்த சிற்பி, காலமான பெரிய மனிதர்களுக்கு மார்பளவுச் சிலை செய்கிறவர். "கண்ணாடி இல்லாத முகம் என் கைக்கு வராது சார்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவுக்குக் கிட்டப்பார்வையா? நல்லா இருக்கு கதை! சுத்தியலைக் கொண்டாங்க."

இந்த நிமிஷம் முதல் மனைவியும் கூட்டாளி. வாத்தியார் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினார். கண்ணாடி போனது. கூடவே மூக்கும் போனது. ஒரு காதும் முக்கால்வாசி போனது.

"போகட்டும் விடுங்க. பழைய சிலைக்கு யாருக்கு மூக்கு இருக்கு?" என்று மனைவிதான் தேற்றினாள்.

ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி வெட்டித் தலையைப் புதைத்து, அடையாளத்துக்கு மேலே ஒரு பூந்தொட்டியை வைத்தார் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை குப்பைக் குழி தோண்டுவதுபோல் தோண்டி, "ஐயோ, இதென்ன!" என்று அலற வேண்டும். ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று.

ஞாயிறும் வந்தது. தொட்டி இருந்த இடத்தில் தோண்டினார். மண்தான் வந்தது. இன்னும் தோண்டினார். மண்புழு வந்தது.

"என்னங்க, அங்க ஏன் தோண்டுறீங்க? தொட்டிக்கு வெயில் படலைன்னு நேத்து நான்தானே நகர்த்தி வச்சேன்!"

"எங்கேயிருந்து நகர்த்தினே?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

வாத்தியார் இங்கே தோண்டினார், அங்கே தோண்டினார். ரோஜாச் செடி சாய்ந்தது. கடைசியில் கடப்பாரை 'ணங்' என்று எதிலோ இடித்தது. தலைதான் என்று உச்சி குளிர்ந்து ஓங்கி ஒரு குத்து குத்தினார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாடிக்குப் போகும் குழாய்!

அடுத்த நிமிஷம் முகமெல்லாம் சோப்பு நுரையோடு, துண்டைக் கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "யாருய்யா தண்ணியை நிறுத்தினது?"

மண் கரைந்து ஓடியது. அந்த ஓட்டத்தில் அவர் காலடியிலேயே தலை மெல்ல எட்டிப் பார்த்தது. "ஐயோ, இதென்ன!" என்று வீட்டுக்காரர் அலறினார். வாத்தியார் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அதே வசனம்!

வீட்டுக்காரர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, காது மந்தமானவர்கள் ரகசியம் பேசுகிற குரலில், அதாவது தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "வாத்தியாரே, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இருட்டினதும் வண்டியில போட்டு எங்கேயாவது தள்ளிடுவோம். ஆபீஸ்காரங்களுக்குத் தெரிஞ்சா என் அடுக்குமாடி அம்போதான்!"

"அச்சச்சோ, நான் ஃபோன் பண்ணிட்டேனே!" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு உள்ளே ஓடிப்போய் ஃபோன் பண்ணினார்.

மறுநாள் காலையில் தொல்லியல் அதிகாரி வந்தார். சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கும் முகம் அந்த அம்மாளுக்கு. தலையைத் துவைக்கிற கல் மேல் வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்து, சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து முகர்ந்தார்.

"டீ வாசனை வருதே?"

"குடிச்ச டீத்தூளை எல்லாம் செடிக்குத்தான் மேடம் போடுவோம்" என்றாள் மனைவி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "மேடம், கழுத்தைப் பாருங்க! மெஷின்ல அறுத்த மாதிரி நேரா இருக்கு. இது புத்தம் புதுசு!"

"அந்தக் காலத்துக் கைவேலை அப்படி மேடம்" என்றார் வாத்தியார்.

"மூக்கு உடைஞ்ச இடம் வெள்ளை வெளேர்னு இருக்கு! போன வாரம் உடைச்சது!"

"குழாய்த் தண்ணி பட்டு வெளுத்திருக்கும்."

"காதுக்குப் பின்னால பாருங்க! இது மூக்குக்கண்ணாடிக் காம்பு இல்லாம வேற என்ன?"

"காது... காது நகை மேடம்."

அவ்வளவு கூர்மையாக அந்த மனிதர் தன் வாழ்நாளில் எதையும் பார்த்திருக்க மாட்டார். அன்றைக்கு அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். காப்பி அடித்த பிள்ளைகளுக்கு இரக்கமே இல்லாமல் முட்டை போட்ட வாத்தியார், இப்போது போலிச் சிலையோடு கையும் களவுமாக நிற்கிறார். வீடும் போய், வேலையும் போய், மானமும் போய்விடும். ஒப்புக்கொண்டு காலில் விழுவதுதான் வழி என்று தோன்றியது.

"மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன்..."

"நீங்க பேசாதீங்க" என்று அதிகாரி கையை உயர்த்தினார். பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். "ரொம்பப் பழசு. குறைஞ்சது ஆயிரம் வருஷம்."

"என்னது?" என்று வீட்டுக்காரர் காதைக் கொடுத்தார்.

"ஆயிரம் வருஷம்!" என்று அதிகாரி உரக்கச் சொன்னார். "தோட்டத்தையும் வீட்டையும் யாரும் தொடக்கூடாது. ஆராய்ச்சி முடிய ரொம்ப நாளாகும்."

"அதுவரைக்கும் இவங்க?"

"இங்கயேதான் இருக்கணும். இடத்தைப் பார்த்துக்க ஆள் வேண்டாமா?"

வீட்டுக்காரர் தலையில் கை வைத்தபடி மாடி ஏறினார். மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. உள்ளே ஓடிப்போய், வந்து காத்திருந்த பிள்ளைகளை வயலினை எடுக்கச் சொன்னாள். தெருநாய் ஒன்று எழுந்து அடுத்த தெருவுக்குப் போனது. வாத்தியாருக்கு அந்த இரைச்சல் காதில் தேனாகப் பாய்ந்தது.

அதிகாரியை வழியனுப்ப வாசல் கேட் வரை போனார். பயம் தெளிந்ததும் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. 'பாவம், இந்த அம்மா இவ்வளவு படிச்சும் நம்ம டீத்தண்ணியில ஏமாந்துட்டாங்களே' என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டார்.

கேட்டைத் திறந்த அதிகாரி சட்டென்று நின்றார். மாடி ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இதைச் செஞ்சு குடுத்தவர் ஃபோன் நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க சார். என் வீட்டு ஓனரும் காலி பண்ணச் சொல்லிட்டார்."